சுவரில் மாட்டியிருப்பது எந்தச் சான்றிதழ்?

வணக்கம் அம்மா. பிளஸ் டூ முடித்த உங்கள் பெண்ணை ஆறு மாத 'பார்மசி அசிஸ்டென்ட்' படிப்பில் சேர்க்க முன்பணம் கட்டலாமா என்று கேட்டிருந்தீர்கள். இப்போது கட்டாதீர்கள். அதற்கு முன்னால் ஒரு வேலை செய்யுங்கள். மாத்திரை வாங்கப் போகிற மெடிக்கல் ஷாப்பில் கல்லாவுக்குப் பின்னால் இருக்கும் சுவரைப் பாருங்கள். சாமி படத்துக்குப் பக்கத்தில் சட்டம் போட்டு இரண்டு மூன்று தாள்கள் மாட்டியிருப்பார்கள். ஒன்று மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை கொடுத்த கடை உரிமம். இன்னொன்று புகைப்படம் ஒட்டிய, தமிழ்நாடு பார்மசி கவுன்சிலின் பதிவுச் சான்றிதழ். உங்கள் பெண்ணுக்கு வேண்டியது இந்த இரண்டாவது தாள்தான். ஆறு மாதப் படிப்பில் அது கிடைக்காது.

படித்து முடித்த சான்றிதழ் வேறு, கவுன்சிலில் பதிவு வேறு. நான் உங்களுக்குச் சொல்ல வருவது முக்கியமாக இதைத்தான். 1948-ஆம் ஆண்டின் பார்மசி சட்டப்படி, டாக்டர் எழுதிய சீட்டுக்கு மருந்து எடுத்துக் கொடுக்கும் உரிமை, கவுன்சிலில் பதிவு பெற்ற மருந்தாளுநருக்கு, அதாவது பார்மசிஸ்ட்டுக்கு மட்டுமே உண்டு. மீறினால் தண்டனை உண்டு. குறுகிய காலப் படிப்பு படித்தவர்கள் கடையில் ஸ்டாக் அடுக்கலாம், பில் போடலாம், உதவியாக நிற்கலாம். அதுவும் கௌரவமான வேலைதான். ஆனால் அதை 'பார்மசிஸ்ட் ஆகலாம்' என்று சொல்லி விற்பதைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது. கம்மலை அடகு வைத்து மகனை அப்படி ஒரு படிப்பில் சேர்த்த ஒரு தாய், கவுன்சிலில் விண்ணப்பம் வாங்கவே மாட்டேன் என்கிறார்கள் என்று என் முன்னால் உட்கார்ந்து அழுதார். அந்தப் பையனுக்கு ஒரு வருடம் வீணானது.

அமெரிக்காவில் இருக்கும் உங்கள் நாத்தனார் மகள் 'பார்மசி டெக்னீஷியன்' என்பதால்தான் உங்களுக்கு இந்த யோசனையே வந்தது என்று புரிகிறது. அங்கே நடைமுறை வேறு. டெக்னீஷியன் என்பவர் பார்மசிஸ்ட்டின் மேற்பார்வையில் வேலை செய்பவர். பி.டி.சி.பி. போன்ற அமைப்பின் தேர்வு எழுதிச் சான்று வாங்குவார்கள், பல மாநிலங்களில் மாநில வாரியத்திலும் பதிவு செய்ய வேண்டும். நம் பார்மசி சட்டத்தில் அப்படி ஒரு இடைநிலைப் பதிவு கிடையாது. இங்கே டி.பார்ம் முடித்துப் பதிவு செய்தவரே முழு மருந்தாளுநர்.

சரி, டி.பார்ம் என்றால் என்ன? இரண்டு வருட டிப்ளமோ. பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், அதோடு உயிரியலோ கணிதமோ படித்திருக்க வேண்டும். உங்கள் பெண் உயிரியல் பிரிவு என்பதால் தகுதியில் சிக்கல் இல்லை. இரண்டு வருடம் முடிந்ததும் 500 மணி நேரச் செய்முறைப் பயிற்சி. அது மூன்று மாதத்துக்குக் குறையக் கூடாது, அதில் 250 மணி நேரமாவது மருந்துச் சீட்டைப் பார்த்து மருந்து கொடுக்கும் வேலையில் இருக்க வேண்டும். சில கடைகளில் பணம் வாங்கிக்கொண்டு, ஒருநாள்கூட வராதவர்களுக்குப் பயிற்சிக் கடிதம் எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள். அந்தப் பக்கமே போக வேண்டாம்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், தொழில் பழகுவது அந்த 500 மணி நேரத்தில்தான். மெத்தோட்ரெக்ஸேட் என்று ஒரு மாத்திரை. முடக்குவாதத்துக்கு அதை வாரத்துக்கு ஒருமுறைதான் கொடுப்பார்கள். சீட்டைச் சரியாகப் படிக்காமல் யாராவது 'தினமும் ஒன்று' என்று சொல்லிக் கொடுத்துவிட்டால் உயிருக்கே ஆபத்து. நல்ல மருந்தாளுநர் என்ன செய்வார் தெரியுமா? எந்தக் கிழமை என்று பாட்டியிடம் கேட்பார், மாத்திரைக் கவர் மேல் 'ஞாயிறு மட்டும்' என்று பேனாவால் தமிழில் எழுதுவார், திருப்பிச் சொல்லச் சொல்லிக் கேட்டுவிட்டுத்தான் அனுப்புவார். இந்தப் பழக்கம் கவுன்டரில் நின்றால்தான் வரும். சில ஆன்டிபயாட்டிக், காசநோய் மருந்து, பழக்கமாகிவிடக்கூடிய மருந்து எல்லாம் மருந்து விதிகளில் உள்ள ஹெச்1 என்ற பட்டியலில் வரும். அவற்றை விற்றால் டாக்டர் பெயர், நோயாளி பெயர், மருந்து, எண்ணிக்கை எல்லாவற்றையும் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும். அந்த நோட்டை எழுதவும் அவள் பயிற்சிக் காலத்திலேயே கேட்டு வாங்கிப் பழகட்டும்.

அப்புறம், எக்ஸிட் தேர்வு. பழைய ஆட்கள் "டி.பார்ம் பாஸ் பண்ணினால் போதும்" என்பார்கள். அது அந்தக் காலம். 2022-இல் வந்த விதிப்படி, டிப்ளமோவுக்குப் பிறகு மூன்று தாள்கள் கொண்ட கொள்குறித் தேர்வில் ஒவ்வொரு தாளிலும் 50 சதவீதம் எடுத்தால்தான் பதிவு. முதல் தேர்வு 2024 அக்டோபரில் நடந்தது. எத்தனை முறை வேண்டுமானாலும் எழுதலாம். ஆனால் தேர்வு ஆங்கிலத்தில். உங்கள் பெண் தமிழ் வழியில் படித்தவள் என்பதால் முதல் நாளிலிருந்தே மருந்துப் பெயர்களையும் கலைச்சொற்களையும் ஆங்கிலத்தில் ஒரு நோட்டில் எழுதி வாய்விட்டுச் சொல்லிப் பழக வேண்டும். தமிழ் வழியில் வந்து இதைத் தாண்டிய பிள்ளைகளை எனக்குத் தெரியும். பயப்பட வேண்டியதில்லை, தள்ளிப் போடத்தான் கூடாது.

பதிவு வந்த பிறகு வழிகள் பல. தனியார் மருத்துவமனை, மெடிக்கல் ஷாப், அரசு மருத்துவமனை. அரசு வேலைக்கு மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் அறிவிப்பு வெளியிடும்போது விண்ணப்பிக்க வேண்டும், தமிழ்த் தகுதித் தாளும் உண்டு. அந்த அறிவிப்பு எப்போது வரும் என்று யாராலும் உத்தரவாதம் தர முடியாது. அதை மட்டும் நம்பி வீட்டில் உட்கார்ந்திருக்கக் கூடாது. மேலே படிக்க ஆசைப்பட்டால் பி.பார்ம் இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேரலாம். சொந்தக் கடையும் வைக்கலாம். 2025 பிப்ரவரியில் தமிழக அரசு 'முதல்வர் மருந்தகம்' என்ற குறைந்த விலை மருந்துக் கடைகளைத் தொடங்கியபோது டி.பார்ம் படித்தவர்களையும் விண்ணப்பிக்க அழைத்தார்கள்.

தனியார் கடையில் ஆரம்பச் சம்பளம் குறைவாகத்தான் இருக்கும், அதை மறைக்க மாட்டேன். அந்தச் சமயத்தில்தான் யாராவது வந்து, "சான்றிதழை மட்டும் கொடும்மா, கடைக்கு வர வேண்டாம், மாதம் இவ்வளவு தருகிறோம்" என்பார்கள். எவ்வளவு கஷ்டமானாலும் கொடுக்கக் கூடாது. அவள் இல்லாத கடையில் அவள் பெயரில் மருந்து போகும். தவறு நடந்தால் பதில் சொல்ல வேண்டியவளும் அவள்தான், பதிவே பறிபோகலாம்.

சேர்வதற்கு முன் கல்லூரிப் பெயரை பார்மசி கவுன்சில் ஆஃப் இந்தியா இணையதளத்தின் அங்கீகாரப் பட்டியலில் நீங்களே தேடிப் பாருங்கள். அதில் டி.பார்ம் என்றே இருக்கிறதா, எந்த ஆண்டு வரை அங்கீகாரம் என்று கவனியுங்கள். 'விண்ணப்பித்திருக்கிறோம், வந்துவிடும்' என்ற பேச்சுக்குப் பணம் கட்டாதீர்கள். அரசு மருத்துவக் கல்லூரிகளிலும் டி.பார்ம் இடங்கள் உண்டு, கட்டணம் மிகக் குறைவு. முதலில் அதற்கு விண்ணப்பம் போடுங்கள்.

சனிக்கிழமை காலையில் மதிப்பெண் பட்டியலோடு வாருங்கள். பெண்ணையும் அழைத்து வாருங்கள். இவ்வளவு பேசினோம், அவளுக்கு இதில் விருப்பமா என்று நான் இன்னும் அவளிடம் கேட்கவில்லை.