பாதி டப்பா சாம்பார் பொடி

கேள்வி: அம்மா இறந்து எட்டு மாதம் ஆகிறது. சாவு வீட்டில் நான் அழவே இல்லை. பந்தல், சமையல்காரர், இறப்புச் சான்றிதழ் என்று பதினாறாம் நாள் காரியம் முடியும்வரை ஓடிக்கொண்டிருந்தேன். போன மாதம், அம்மா கடைசியாக அரைத்துக் கொடுத்த சாம்பார் பொடி டப்பாவைத் திறந்தேன். பாதி இருந்தது. அப்படியே அடுப்படியில் உட்கார்ந்து அழுதேன். அதிலிருந்து அடிக்கடி அழுகை வருகிறது. வேலைக்குப் போகிறேன், பிள்ளைகளைக் கவனிக்கிறேன், பாத்ரூம் குழாயைத் திறந்துவிட்டு அழுகிறேன். "எட்டு மாசம் ஆச்சே, இன்னுமா?" என்கிறார் கணவர். அம்மாவின் புடவைகளை யாருக்காவது கொடுத்துவிடலாம் என்கிறார் அண்ணி. எனக்கு மனநோயா? ஊரில் தனியாக இருக்கும் அப்பாவோ எதுவுமே பேசுவதில்லை.
– வாசகி, மதுரை

பதில்: நோய் மாதிரி எனக்குத் தெரியவில்லை, சகோதரி. சாவு வீட்டில் யாராவது ஒருவர் அழாமல் இருந்தாக வேண்டியிருக்கிறது. வாடகை நாற்காலியை எண்ணி வாங்க, வருகிறவர்களுக்குக் காபி கொடுக்க, யாருக்குச் சொல்ல விட்டுப்போனது என்று பார்க்க ஓர் ஆள் வேண்டுமே. மற்றவர்கள் கட்டிப்பிடித்து ஒப்பாரி வைத்தபோது நீங்கள் கேஸ் சிலிண்டருக்குப் போன் செய்துகொண்டிருந்திருப்பீர்கள். உங்கள் முறை இப்போதுதான் வந்திருக்கிறது. என் அப்பா போய் ஒன்றரை வருஷம் கழித்து, ஒரு கண்ணாடிக் கடையில் அவர் போடுவது மாதிரி ஒரு ஃபிரேமைப் பார்த்து நான் அழுதேன். கடைப் பையன் பயந்துபோய் ஸ்டூல் எடுத்துப் போட்டான்.

துக்கத்துக்கு ஐந்து கட்டங்கள் உண்டு என்று எங்கேயாவது படித்திருப்பீர்கள். எலிசபெத் கூப்ளர்-ராஸ் என்ற மனநல மருத்துவர் 1969-ல் அதை எழுதியது, சாவை எதிர்நோக்கியிருந்த நோயாளிகளிடம் பேசிவிட்டு. பறிகொடுத்தவர்களுக்கும் அது பொருந்தும் என்றானது பிற்பாடுதான். அந்தப் படிகளில் நீங்கள் வரிசையாக ஏற வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. 1999-ல் நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இருவர் சொன்னது எனக்கு இன்னும் சரியாகப் படுகிறது: மனசு கொஞ்ச நேரம் இழப்பிடம் போகும், கொஞ்ச நேரம் அன்றாட வேலைக்குத் திரும்பும், மறுபடி போகும். காலையில் டிபன் பாக்ஸ், ராத்திரி குழாயடி அழுகை என்று நீங்கள் எழுதியிருப்பது அதைத்தான்.

மருத்துவர்கள் கவலைப்படுவது வேறு மாதிரியான துக்கத்துக்கு. உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் அதற்குக் குறைந்தது ஆறு மாதம் என்று கணக்கு. அமெரிக்க மனநல மருத்துவர்கள் சங்கம் 2022-ல் 12 மாதம் என்று வைத்தது. மாதத்தை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்வதில்லை. நாள் முழுக்க அதே ஏக்கம், வேலை வெட்டி ஓடாமல் முடங்கிப்போவது, வாழ்க்கையே அர்த்தமற்றுப்போவது எல்லாம் சேர்ந்து விடாமல் இருந்தால் மருத்துவரைப் பார்க்க வேண்டும். செத்துப்போகலாம் என்று ஒரு தடவை தோன்றினாலும் மாதக் கணக்கெல்லாம் பார்க்காதீர்கள். உடனே 14416-க்கு அழையுங்கள். அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண், இலவசம், ராத்திரியிலும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம்.

கணவர் கெட்டவராகத் தெரியவில்லை. என்ன செய்வது என்று தெரியாமல் கேட்கிறார். "பதில் சொல்ல வேண்டாம், பத்து நிமிஷம் பக்கத்தில் உட்காருங்கள்" என்று நேரடியாகக் கேளுங்கள். பாத்ரூம் குழாயையாவது மூடிவிடலாம்.

எனக்குக் கவலை உங்கள் அப்பாவைப் பற்றித்தான். பேசாதவர் என்ன சாப்பிடுகிறார், தூங்குகிறாரா, பிரஷர் மாத்திரை ஒழுங்காகப் போடுகிறாரா என்று யார் பார்க்கிறார்கள்? "எப்படி இருக்கீங்கப்பா" என்று போனில் கேட்டால் "நல்லா இருக்கேன்" என்றுதான் வரும். நேரில் போங்கள், இரண்டு நாள் தங்குங்கள்.

போகும்போது அந்தப் பொடி டப்பாவையும் எடுத்துப்போங்கள். எட்டு மாதப் பொடி. இன்னும் வைத்திருந்தால் வாசனை போய்விடும், வண்டும் வைத்துவிடும். அம்மா எந்தக் கடையில் மிளகாய் வாங்குவார், வெந்தயம் எவ்வளவு போடுவார் என்று அப்பாவுக்குத் தெரிந்திருக்கும். மெஷினுக்குத் தூக்கிக்கொண்டு போனவர் பெரும்பாலும் அவராகத்தான் இருப்பார். நீங்களே சாம்பார் வைத்து அவருக்குப் பரிமாறுங்கள். அழுகை வந்தால் இருவருமே அழுங்கள்.

புடவை விஷயத்தில் அவசரமே இல்லை. "தலைத்திவசம் முடியட்டும் அண்ணி, நானே பிரித்துத் தருகிறேன்" என்று சொல்லிவிட்டு பீரோ சாவியை உங்களிடமே வைத்துக்கொள்ளுங்கள்.