உங்கள் அப்பா சீட்டில் எழுதிவைத்தது

அன்புள்ள ஐயா,

என் அப்பா திருமங்கலத்தில் தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். கமலை இறைப்பு, வண்டி, களம் தொடர்பான எங்கள் பக்கத்துச் சொற்களைத் தொகுத்து, மதுரையில் ஓர் அச்சகத்தின் மேக் கணினியில் அடித்துவந்தார். பிறகு அந்தக் கணினியையே விலைக்கு வாங்கிக்கொண்டார். அவர் காலமாகி ஆறு ஆண்டுகள் ஆகின்றன. கணினியைப் பழைய இரும்புக்கடைக்குப் போட்டுவிட்டோம். இப்போது பதினான்கு பிளாப்பிகள் கிடைத்திருக்கின்றன. யூ.எஸ்.பி. பிளாப்பி டிரைவ் வாங்கிப் போட்டால், எல்லாவற்றுக்கும் ‘ஃபார்மட் செய்யட்டுமா?’ என்று கேட்கிறது. தூசியில் கெட்டுவிட்டனவா? ஒன்றில் மட்டும் ‘ஆம்’ கொடுத்துப் பார்க்கலாமா? கம்பெனிகள் வேண்டுமென்றே இப்படிச் செய்கின்றனவா? உ.வே.சா. ஏடு தேடி அலைந்ததுபோல் நானும் அலைகிறேன். புகைப்படங்களை இணைத்திருக்கிறேன்.

ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

கொடுக்காதீர்கள். இந்தப் பதிலில் வேறு எதையும் படிக்க நேரமில்லாவிட்டாலும் இந்த ஒரு சொல்லைப் படித்துவிடுங்கள். ஒவ்வொரு பிளாப்பியின் மூலையிலும் இருக்கும் சின்ன பிளாஸ்டிக் துண்டை நகத்தால் தள்ளி, துளை திறந்திருக்கும்படி வையுங்கள். அதன்பின் எந்த டிரைவும் அதில் எழுத முடியாது.

கம்பெனிகளின் சதியைப் பற்றி எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை. உ.வே.சா.வை இதில் இழுத்ததுதான் உறுத்துகிறது. அவர் ஏட்டைத் தேடி ஊர் ஊராகப் போனார். நீங்கள் வீட்டிலேயே இருந்த கணினியை எடைக்குப் போட்டுவிட்டு, இணையத்தில் ஒரு டிரைவ் வாங்கியதை அலைச்சல் என்கிறீர்கள்.

உங்கள் வட்டுகள் கெட்டுப்போயிருக்க வேண்டும் என்பதில்லை. தெரியாத ஆளிடம் விலாசம் கேட்டுவிட்டு, அப்படி ஒரு தெருவே இல்லை என்று திரும்பி வந்திருக்கிறீர்கள், அவ்வளவுதான். ஐ.பி.எம். வகைக் கணினியின் 720கே வட்டில் ஒரு பக்கத்துக்கு எண்பது தடங்கள். எல்லாத் தடங்களிலும் ஒன்பது செக்டர்கள், அதாவது அரை கிலோபைட் கொள்ளும் துண்டுகள். வட்டு ஒரே வேகத்தில், நிமிடத்துக்கு 300 முறை சுற்றும். பழைய மேக் அப்படிச் செய்யவில்லை. வெளித்தடம் நீளமானது, அதில் கூடுதலாக எழுதலாமே என்று எண்ணி, எண்பது தடங்களைப் பதினாறு பதினாறாகப் பிரித்து, வெளியிலிருந்து உள்ளே 12, 11, 10, 9, 8 செக்டர்கள் என்று குறைத்துக்கொண்டே வந்தது. அதற்கேற்ப வட்டைச் சுற்றும் வேகத்தையும் மாற்றிக்கொண்டது. கூட்டிப் பெருக்கினால் ஒரு பக்கத்துக்கு 800 செக்டர்கள், 400கே. இரு பக்கமும் சேர்த்து 800கே. போதாததற்கு, காந்தப்புலம் திரும்பும் இடங்களைக் கொண்டு எண்களைக் குறிக்கும் முறையும் வேறு. உங்கள் யூ.எஸ்.பி. டிரைவ் அந்த முறையை அறியாது. அறியாததைக் காலி என்று சொல்லிவிடுகிறது.

இதை எழுதத் தூண்டியது உங்கள் கேள்வி அல்ல, மூன்றாவது புகைப்படம். அதைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பழுப்பேறிய சீட்டில், நீலப் பேனாவில், கரும்பலகையில் எழுதிப் பழகிய கையின் உருண்டை எழுத்து: ‘3. கமலை முதல் கிணறு வரை. மேக், 800கே. பேஜ்மேக்கர். மயிலை. 12.2.95. திருத்தியது காடி வரை.’

எந்தக் கணினி, எவ்வளவு கொள்ளளவு, எந்த மென்பொருள், எந்த எழுத்துரு, எந்த நாள், எதுவரை சரிபார்த்தது என்று எல்லாவற்றையும் அவர் சொல்லிவைத்திருக்கிறார். நீங்கள் அதைப் புகைப்படம் எடுத்தீர்கள், எனக்கு அனுப்பினீர்கள், படிக்கவில்லை. கோபமாகச் சொல்கிறேன் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள். ஏடு பெயர்த்து எழுதியவர்கள் பலர் கடைசி ஓலையில் ஆண்டு, மாதம், நாள், எழுதியவர் பெயர், யாருக்காக எழுதியது என்பதையெல்லாம் குறித்துவைத்தார்கள். புள்ளி வைக்காமல் எழுதும் வழக்கம் இருந்த ஓலையில் எகரமா ஏகாரமா, ரகரமா காலா என்பதைப் படிப்பவர்தான் ஊகிக்க வேண்டும். ஆனால் யார் எப்போது எழுதினார் என்பதை ஊகத்துக்கு விடக்கூடாது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. தமிழாசிரியரான உங்கள் அப்பா அந்தக் கடைசி ஓலையைப் பிளாப்பியின் முகத்தில் ஒட்டினார். நம்மில் எத்தனை பேர் அதைச் செய்கிறோம்? ‘புதுசு’, ‘ஃபைனல்’, ‘ஃபைனல் 2’ என்று கோப்புக்குப் பெயர் வைக்கிறோம். பென் டிரைவில் ஒரு சீட்டு ஒட்டக்கூட இடமில்லை என்று சாக்குச் சொல்கிறோம்.

நான் யோக்கியன் அல்ல. 1997இல் வடக்கு மாசி வீதியில் ஒரு டி.டி.பி. கடையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். சிற்றிதழ் நடத்திய அண்ணன் ஒருவர் சட்டைப்பையிலிருந்து ஒரு பிளாப்பியை எடுத்துத் தந்தார். சீட்டு இல்லை. விண்டோஸ் 95 உங்களிடம் கேட்டதையேதான் என்னிடமும் கேட்டது. வட்டு காலி போலிருக்கிறது, அவர் மாற்றி எடுத்து வந்துவிட்டார் என்று முடிவு செய்து ‘ஆம்’ கொடுத்தேன். அடுத்த இதழுக்கான கவிதைகள் முழுவதும் அதில் இருந்தன. வேறு பிரதி இல்லை. அவர் திட்டவில்லை. ஆனால் அதன்பின் எந்த டீக்கடையில் பார்த்தாலும், “அதில் ஒரு வரி நன்றாக வந்திருந்தது தம்பி, என்ன வரி என்பதுதான் ஞாபகம் இல்லை” என்பார். திட்டியிருக்கலாம்.

இனி உங்கள் வேலை. பழைய மேசைக்கணினிக்குள் பொருத்தும் 34 முனை இணைப்பு கொண்ட பிளாப்பி டிரைவ் ஒன்றும், கிரீஸ்வீசில் என்ற சிறு மின்பலகை ஒன்றும் வேண்டும். அந்தப் பலகை வட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று புரிந்துகொள்ள முயலாது. காந்தப்புலம் திரும்பும் ஒவ்வொரு கணத்துக்கும் இடையிலான நேரத்தை மட்டும் அளந்து தரும். அதனால் டிரைவ் ஒரே வேகத்தில் சுற்றினாலும் பாதகமில்லை. கணக்கை மென்பொருள் பிற்பாடு போட்டுக்கொள்ளும். கோப்புகளைத் தனித்தனியாகப் பிரிக்காமல் முழு வட்டின் பிம்பத்தை, அதாவது வட்டு முழுவதையும் ஒரே கோப்பாக்கிய நகலை எடுங்கள், ஏனெனில் மேக் கோப்பு இரண்டு கிளை உடையது, விண்டோஸுக்கு அப்படியே நகலெடுத்தால் ஒரு கிளை போய்விடும், எழுத்துரு இருப்பது அந்தக் கிளையில்தான். பிம்பத்தை மினி விமேக் என்ற, பழைய மேக் கணினிபோல் நடிக்கும் மென்பொருளில் திறக்கலாம். பேஜ்மேக்கரை அதற்குள் தனியாக நிறுவிக்கொள்ள வேண்டும்.

மயிலை இல்லாமல் திறந்தால் வெறும் ஆங்கில எழுத்துக் குப்பை தெரியும், பயப்பட வேண்டாம். அந்த எழுத்துருவைச் செய்த கல்யாணசுந்தரம்தான் 1998 பொங்கலன்று, தமிழ் நூல்களை இணையத்தில் ஏற்றும் மதுரைத் திட்டத்தைத் தொடங்கியவர். யுனிகோடுக்கு மாற்றும்போது கொம்பை மட்டும் கவனியுங்கள்: மயிலையில் கொம்பு கண்ணுக்குத் தெரியும் வரிசையில் எழுத்துக்கு முன்னால் இருக்கும், யுனிகோடில் பின்னால் வரும். ‘தொட்டி’யும் ‘கொழு’வும் சிதைவது அங்கேதான். காடிக்குப் பிந்திய சொற்களை உங்கள் அப்பா திருத்தவில்லை என்பதும் நினைவிருக்கட்டும். அவற்றில் பிழை தெரிந்தால் மாற்றத்தின் குற்றமா, அவர் கையின் வழுக்கலா என்று பார்த்தே தொடுங்கள்.

டிரைவும் பலகையும் என்னிடம் இருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமை காலையில் பெட்டியோடு வாருங்கள். காரில் ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள், அதில் காந்தம் இருக்கிறது. வருவதற்கு முன் ஒவ்வொன்றின் உலோக மூடியையும் நகர்த்தி, உள்ளே வெள்ளைப் புள்ளிகள் தெரிந்தால் அதைத் தனியாக எடுத்துவையுங்கள். பூஞ்சை பிடித்த வட்டை அப்படியே சுற்றவிட்டால் அடுத்த வட்டையும் அது கீறிவிடும்.

முதலில் பதினான்காவதைப் போடுவோம். அதன் சீட்டில் ‘காலி’ என்று எழுதியிருக்கிறார்.