நர்ஸம்மாவிடம் கேளுங்கள்: பொழுது சாய்வதற்குள் கிளம்புங்கள்

(நீலகிரி மாவட்டம் பந்தலூர் தாலுகாவில் கிராம சுகாதார செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவர் எழுதும் பகுதி. இம்முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் பருவமழை பற்றியவை.)

எங்கள் லைன் (தோட்டத் தொழிலாளர் வீட்டு வரிசை) மேட்டுக்கு நேர் கீழே இருக்கிறது. போனில் ரெட் அலர்ட் வரும்போதெல்லாம் "பார்த்துக்கலாம், போன வருஷமும் இப்படித்தான் சொன்னாங்க" என்கிறார் வீட்டுக்காரர். எப்போதுதான் வீட்டை விட்டுக் கிளம்புவது?
வாசகி, சேரம்பாடி

தங்கச்சி, அவரிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள். ராத்திரி ஒரு மணி, கரண்ட் இல்லை, மழை கொட்டுகிறது, பிள்ளைகள் தூக்கக் கலக்கத்தில் அழுகிறார்கள், தேயிலைக்குள் ஆனை நிற்கிறதா இல்லையா தெரியாது. அப்போது எந்தப் பக்கம் நடப்பார்? நம் ஊரில் ராத்திரியில் கிளம்புவது என்பதே இன்னொரு ஆபத்து. போவதானால் பொழுது சாய்வதற்குள் போய்ச் சேர்ந்துவிட வேண்டும்.

மூணாறு பெட்டிமுடியில் 2020 ஆகஸ்ட் 6 அன்று லயன்கள் மேல் மண் இறங்கியபோது மணி ராத்திரி பத்துக்கு மேல். எழுபது உயிர், பெரும்பாலும் நம்மைப் போன்ற தமிழ்த் தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள். போன் தொடர்பு அறுந்து கிடந்ததால் விஷயம் வெளியே போகவே விடிந்துவிட்டது. வயநாட்டில் 2024 ஜூலை 30 அன்று முண்டக்கை, சூரல்மலைப் பக்கம் முதல் சரிவு ராத்திரி ஒரு மணிக்கு மேல், அடுத்தது விடியற்காலை நாலு மணி வாக்கில். சேரம்பாடிக்காரர்களுக்கு அது வெளியூர்ச் செய்தியா என்ன? சொந்தக்காரர் இல்லாத வீடு உண்டா?

ரெட் அலர்ட் என்றால் 24 மணி நேரத்தில் 204.4 மில்லிமீட்டருக்கு மேல் பெய்யலாம் என்று பொருள். ஆனால் அது மாவட்டம் முழுவதற்கும் சொல்வது. உங்கள் மேட்டில் என்ன பெய்கிறது என்பதை நீங்களே அளக்கலாம். வாயும் அடியும் ஒரே அகலமுள்ள டப்பா ஒன்றை மரமும் கூரையும் மறைக்காத இடத்தில் வையுங்கள். தினமும் காலை ஒரே நேரத்தில் ஸ்கேல் விட்டுப் பார்த்து, எழுதிவிட்டுக் கொட்டுங்கள். ஒரு சென்டிமீட்டர் தண்ணீர் என்றால் 10 மில்லிமீட்டர் மழை. பள்ளிக்கூடப் பிள்ளைகளிடம் இந்த வேலையைக் கொடுத்தால் நம்மைவிட ஒழுங்காகச் செய்வார்கள். சூரல்மலைப் பக்கம் சரிவதற்கு முந்தைய 48 மணி நேரத்தில் 572 மில்லிமீட்டர் பெய்திருந்தது. அதாவது ஒரே நாள் மழை மட்டுமல்ல, ஏற்கெனவே ஊறிப்போன மண் மேல் மறுபடி கொட்டுவதுதான் மேட்டை இளக்குகிறது. இரண்டு நாள் விடாமல் பெய்து, மூன்றாம் நாள் காலையும் டப்பா ஏறியே இருந்தால், அலர்ட் என்ன நிறம் என்று போனைத் தடவிக்கொண்டிருக்க வேண்டாம்.

சில அடையாளங்கள் தெரிந்தால் மழையளவைக்கூடப் பார்க்காதீர்கள். முற்றத்திலோ மேட்டிலோ புதிய விரிசல், திடீரென்று இறுகிக்கொள்ளும் கதவு, சாய்ந்த போஸ்ட் கம்பம், இதுவரை இல்லாத இடத்தில் ஊற்று, ஓடைத் தண்ணீர் திடீரென்று செம்மண்ணாக மாறுவது. எல்லாவற்றையும்விட மோசமானது, மழை பெய்துகொண்டிருக்கும்போதே ஓடையில் தண்ணீர் குறைவது. "அப்பாடா, வடிஞ்சிடுச்சு" என்பார்கள். வடியவில்லை, மேலே எங்கோ மண் அடைத்துக்கொண்டிருக்கிறது, உடைத்துக்கொண்டு வரும். உடனே ஓடையை விட்டுப் பக்கவாட்டில் விலகி மேடேறுங்கள். ஓடை ஓரமாகவே கீழே இறங்கி ஓடக் கூடாது.

எங்கே போவது என்பதை வெயில் காலத்திலேயே முடிவு செய்யுங்கள். எந்தப் பள்ளிக்கூடத்தில் முகாம் என்று வி.ஏ.ஓ.விடம் இப்போதே கேட்டு வையுங்கள். சொந்தக்காரர் வீடு என்றால், அது இதே மேட்டின் அடுத்த மடிப்பில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

அவசரத்துக்கு ஒரு பை தயார் செய்து வைக்கச் சொல்லி வீடியோக்கள் வருகின்றன. அதில் என்னென்ன இருக்க வேண்டும்?
வாசகர், எருமாடு

வீடியோவில் காட்டும் பையைத் தூக்க ஒரு ஆள் தனியாக வேண்டும். ரேஷன் கார்டு, ஆதார், பட்டா, பாஸ்புக் நகல்கள், அன்றாட மாத்திரை, டார்ச், கொஞ்சம் சில்லறைப் பணம், பிஸ்கட், தண்ணீர், பெண்களுக்கு நாப்கின், ஆளுக்கு ஒரு கம்பளி. நகையைத் தேடிக்கொண்டு நிற்காதீர்கள். அதற்கும் இப்போதே ஒரு இடம் முடிவாகட்டும். கிளம்பும்போது சிலிண்டர் ரெகுலேட்டரையும் மெயின் சுவிட்சையும் அணையுங்கள். பை பற்றி இவ்வளவு போதும்.

தாளூர் பக்கம் எங்களுக்குக் கேரள டவர்தான் கிடைக்கிறது. 108 அடித்தால் அந்தப் பக்கம் மலையாளத்தில் பேசுகிறார்கள். என்ன செய்வது?
வாசகர், அய்யன்கொல்லி

எந்த டவர் எடுத்தாலும் முதல் வாக்கியம் இதுவாக இருக்கட்டும்: "தமிழ்நாடு, நீலகிரி மாவட்டம், பந்தலூர் தாலுகா", பிறகு உங்கள் ஊர், பக்கத்திலுள்ள பள்ளிவாசலோ கோவிலோ கடையோ. நடந்ததை அதற்குப் பிறகு சொல்லலாம். மாவட்டக் கட்டுப்பாட்டு அறை எண் 1077. உதகை எண் 0423 சேர்த்து அடித்தால் அழைப்பு இடம் மாறாது. மாநிலக் கட்டுப்பாட்டு அறை 1070. பொதுவான அவசர எண் 112. இவற்றைப் போனில் மட்டும் வைக்காமல் கதவுக்குப் பின்னால் கரியால் எழுதுங்கள். செக்‌ஷன் 17 நிலத்தில் (உரிமைத் தகராறு தீராத ஜென்மம் நிலம்) கரண்ட் இணைப்பே இல்லாத வீடுகள் எத்தனை! அங்கே மழை நாளில் போன் உயிரோடு இருக்கும் என்று நம்ப முடியாது. பேச்சு போகாதபோதும் சில சமயம் எஸ்.எம்.எஸ். போய்விடும். கேரளப் பக்கம் பத்தேரியில் இருக்கும் ஒரு உறவினரிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்: என்னிடமிருந்து செய்தி வந்தால் இந்த எண்ணுக்குக் கூப்பிடு என்று.

அம்மா பக்கவாதத்தில் படுத்த படுக்கை. சர்க்கரைக்கு இன்சுலின் போடுகிறோம். இவரை வைத்துக்கொண்டு எப்படிக் கிளம்புவது?
வாசகி, உப்பட்டி

இந்தக் கடிதத்துக்காகத்தான் இந்த மாதப் பகுதியையே மழைக்கு ஒதுக்கினேன். வீடு வீடாக நடந்த காலத்தில் என் நோட்டில் கர்ப்பிணி, கைக்குழந்தை, டி.பி. மாத்திரை, படுக்கை நோயாளி என்று தனித்தனிப் பக்கம் இருக்கும். அந்த நோட்டு உங்கள் லைனிலும் ஒன்று வேண்டும்.

முதலில் தூக்குவது. நீளமான இரண்டு மூங்கில், இரண்டு சாக்கு. சாக்கின் அடி மூலைகளில் ஓட்டை போட்டு மூங்கிலை நுழைத்தால் தூளி தயார். தூக்க நாலு பேர் வேண்டும். "யாராவது வருவாங்க" என்று விடாதீர்கள். எந்த நாலு பேர் என்று பெயர் சொல்லுங்கள், ஒருவர் வேலைக்குப் போயிருந்தால் பதில் ஆள் யார் என்றும் சொல்லுங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை நல்ல உடம்புக்காரர் ஒருவரைப் படுக்க வைத்துப் படி இறக்கிப் பாருங்கள். பையன்கள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். எந்தத் திருப்பத்தில் மூங்கில் முட்டுகிறது என்பது அப்போதுதான் தெரியும். அம்மாவை மட்டும் மற்றவர்களுக்கு முன்பே, ரெட்டுக்கு முந்தைய கட்டமான ஆரஞ்சு அலர்ட் வரும்போதே நகர்த்திவிடுங்கள். பிரசவ தேதி நெருங்கியவர்களுக்கும் இதேதான்.

இன்சுலின்: திறந்து பயன்படுத்தும் குப்பி 30 டிகிரிக்கு மேல் சூடேறாத இடத்தில் ஃபிரிட்ஜ் இல்லாமலே சுமார் நாலு வாரம் தாங்கும். நம் மலையின் மழைக்குளிரில் கவலையே வேண்டாம். அடுப்புக்குப் பக்கத்தில் மட்டும் வைக்காதீர்கள். ஊசியையும் சீட்டின் நகலையும் குப்பியோடு ஒரே டப்பாவில் போட்டு வையுங்கள். சாப்பாடு எப்போது வரும் என்று தெரியாத முகாமில் ஊசி போட்டுவிட்டுக் காத்திருப்பது ஆபத்து. தட்டு கைக்கு வந்தபின் போடுங்கள், சர்க்கரையோ வெல்லமோ கையில் இருக்கட்டும்.

பக்கத்து வீட்டுக்காரரோடு வேலித் தகராறு, பேச்சுவார்த்தை இல்லை. எல்லாரும் சேர்ந்து தயாராக வேண்டும் என்கிறீர்களே?
வாசகர், பாட்டவயல்

பேச வேண்டாம், கதவைத் தட்டினால் போதும்! ஒவ்வொரு வீட்டுக்கும் தட்ட வேண்டிய அடுத்த வீடு எது என்று சங்கிலி போடுங்கள். கடைசி வீடு மறுபடி முதல் வீட்டைத் தட்ட வேண்டும். விட்டுப்போனது யார் என்று அதில் தெரிந்துவிடும். தகர டப்பா தட்டினால் ஆனை என்று நமக்கு ஏற்கெனவே பழக்கம். அதை மண்ணுக்கும் பயன்படுத்தினால் ஆட்கள் வீட்டுக்குள் போய்க் கதவை அடைத்துக்கொள்வார்கள். அதனால் வெளியே வரச் சொல்ல விசில். பணியர் பழங்குடிக் குடியிருப்புக்குக் குறுஞ்செய்தி போய்ச் சேராது, ஆள் போக வேண்டும். அவர்கள் பேச்சு தெரிந்தவரை அனுப்புங்கள். வேலிக்கு மழை விட்டபிறகு சர்வேயரைக் கூப்பிடுங்கள்.

மழைக்குப் பிறகு கிணற்றுத் தண்ணீரைக் குடிக்கலாமா?
வாசகி, கொளப்பள்ளி

கலங்கல் தெளியும்வரை வேண்டாம். சேற்றுத் தண்ணீரில் பிளீச்சிங் பவுடர் வேலை செய்யாது. தெளிந்தபின் 1000 லிட்டருக்கு 2.5 கிராம், வெள்ளம் புகுந்த கிணறு என்றால் இரட்டிப்பு. 2 மீட்டர் அகல வட்டக் கிணற்றில் 3 மீட்டர் தண்ணீர் இருந்தால் ஏறக்குறைய 9,400 லிட்டர் வரும். பவுடரை வாளியில் குழைத்து, சுண்ணாம்பு அடியில் தங்கியதும் தெளிவை மட்டும் கிணற்றில் இறக்கிக் கலக்கி, ஒரு மணி நேரம் விடுங்கள். அதன்பிறகும் காய்ச்சியே குடியுங்கள். சேற்றில் இறங்கி வேலை செய்பவர்கள் எலிக்காய்ச்சல் தடுப்பு மாத்திரையை ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். கர்ப்பிணிகளும் குழந்தைகளும் டாக்டர் சொல்லாமல் அதைப் போடக் கூடாது.

நாங்கள் முகாமுக்குப் போனால் ஆடும் நாயும் என்ன ஆகும்?
ஒன்பதாம் வகுப்பு மாணவி, தேவாலா

கூட்டிப் போக முடிந்தால் கூட்டிப் போ கண்ணு. முடியாவிட்டால் கயிற்றை அவிழ்த்து, தொழுவக் கதவைத் திறந்து கல்லை முட்டு வைத்துவிட்டுப் போ. அவிழ்க்கும் வேலையை இப்போதே உன் பெயரில் எழுதி ஒட்டிவை. பெரியவர்கள் அவசரத்தில் மறந்துவிடுவார்கள்.