பிறந்த நிறை, கடன், நாட்கூலி: இருதய வருத்தம் பற்றிய கேள்வி பதில்

வாகரை அக்கா: 2007இல் இடம்பெயர்ந்து முகாமில் இருக்கும்போது மகன் பிறந்தான், 2.1 கிலோ. இப்ப நல்லாத்தான் இருக்கிறான். இருதய வருத்தம் வருமா?

வந்தே தீரும் என்றில்லை அக்கா. ஆனால் கவனிப்பை மற்றவர்களைவிட முந்தித் தொடங்கவேணும். 2.5 கிலோவுக்குக் கீழே என்றால் நிறை குறைவு. வயிற்றில் சத்துக் காணாத பிள்ளையின் உடம்பு மூளையைத்தான் முதலில் காப்பாற்றும். சிறுநீரகத்தில் வடிகட்டிகள் குறைவாகவே உருவாகும், பிறந்தபின் புதிதாக வராது. பிரஷர் பின்னாளில் ஏற அதுவும் ஒரு காரணம். இங்கிலாந்தில் ஹெர்ட்ஃபோர்ட்ஷயர் என்ற மாவட்டத்து ஆண்களின் பழைய பிறப்புப் பதிவுகளை டேவிட் பார்க்கர் என்ற டொக்டரின் குழுவினர் ஆராய்ந்து 1989இல் எழுதினார்கள்: நிறை குறைந்து பிறந்தவர்களிடையே இருதய வருத்தத்தால் இறந்தவர்கள் அதிகம். இப்படிப் பிறந்தவர் பிறகு கொழுத்தால்தான் ஆபத்து மிகக் கூடும். வருசத்துக்கு ஒருதரம் பிரஷர் பாருங்கள். தொப்புள் மட்டத்தில் நாடா பிடித்து அளந்தால் 90 சென்ரிமீற்றரைத் தாண்டக்கூடாது. சிகரெட் பழகவே விடாதீர்கள். முகாமில் நடந்தது உங்கள் பிழையில்லை.

கல்முனை தம்பி: பெரிய பதவிக்காரருக்குத்தானே டென்ஷன், அட்டாக்?

இல்லை தம்பி. லண்டன் அரச ஊழியர்களிடம் 1967இல் தொடங்கிய வைட்ஹால் ஆய்வில், கடைநிலை ஆண்கள் உயர்நிலையினரைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு இருதய வருத்தத்தால் இறந்தார்கள். புகை, பிரஷர், கொழுப்பைக் கழித்தாலும் வித்தியாசம் முழுதாகப் போகவில்லை.

கிரான் தங்கச்சி: கிழமைக் கடன்காரர் வாற நாளில் நெஞ்சு இறுகுது. பயம்தானே?

பயம் என்று நீங்களே முடிவெடுக்காதீர்கள். நடந்தால், படி ஏறினால் இறுகி, நின்றால் விடுகிறதா? ஈசிஜி எடுக்கவேணும். இறுக்கம் பத்து நிமிடத்துக்கு மேல் நீடித்தால், வியர்த்தால், இடது கைக்கோ தாடைக்கோ பரவினால் உடனே 1990 என்ற இலக்கத்துக்குக் கோல் எடுங்கள், இலங்கையில் அந்த அம்புலன்ஸ் இலவசம். பெண்களுக்கு நோவே இல்லாமல் களைப்பும் ஓங்காளமும் மட்டும் வரலாம். கடன் கவலையையும் டொக்டரிடம் சொல்லுங்கள். 52 நாடுகளில் செய்து 2004இல் வெளிவந்த இன்டர்ஹார்ட் ஆய்வு மன அழுத்தத்தையும் மாரடைப்புக் காரணிகளில் ஒன்றாகக் கண்டது.

திருக்கோவில் அண்ணன்: கிளினிக் போனால் ஒருநாள் கூலி போகுது. பிரஷர் குளுசையை விட்டுவிட்டேன்.

பிரஷருக்கு நோவில்லை அண்ணன், அதுதான் ஏமாற்றும். சில குளுசைகளைத் திடீரென நிறுத்தினால் முன்பைவிட ஏறும். இரண்டு மாதத்துக்குச் சேர்த்துத் தர முடியுமா என்று கேளுங்கள். வேலையில்லாத நாளுக்குத் திகதி மாற்றச் சொல்லுங்கள். குளுசை முடிய ஐந்து நாள் இருக்கும்போதே புறப்படுங்கள். உப்பு வீட்டில் ஆளுக்கு ஒருநாளைக்கு மட்டமாக ஒரு தேக்கரண்டி, கருவாட்டு உப்பும் அதற்குள்தான். கருவாட்டை இரண்டுதரம் ஊறவிட்டு, தண்ணியை ஊற்றிவிட்டுச் சமையுங்கள்.