வீட்டிலேயே முதல் என்ஜின் மாற்றம்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: என் பழைய காரின் என்ஜின் ஆயிலை மிக அதிகமாகக் குடிக்கிறது. இரண்டு சிலிண்டர்களில் கம்ப்ரெஷன் (உள்ளே உருவாகும் அழுத்தம்) இறங்கிவிட்டதாக மெக்கானிக் சொல்கிறார். பாடி நன்றாக இருப்பதால் காரைக் கைவிட மனமில்லை. பிரேக், ஷாக் அப்சார்பர், ரேடியேட்டர் ஆகியவற்றை நானே மாற்றியிருக்கிறேன், என்ஜினை இறக்கியதில்லை. இதை வீட்டு ஷெட்டில் நானே செய்ய முடியுமா? அதே என்ஜினைத் தேடுவதா, அல்லது அதே நிறுவனத்தின் பெரிய காரில் வரும் கூடுதல் திறனுள்ள என்ஜினைப் பொருத்துவதா?

பதில்: செய்ய முடியும். ரேடியேட்டரை மாற்றிய கைக்கு என்ஜினை இறக்குவதில் வரும் வேலைகளில் பெரும்பாலானவை புதியவை அல்ல. அவற்றின் எண்ணிக்கைதான் அதிகம். ஆனால் இரண்டாவது கேள்விக்கு நான் தயக்கமில்லாமல் சொல்லும் பதில், முதல் முறை செய்பவர் அதே என்ஜினைத்தான் பொருத்த வேண்டும் என்பதே. பெரிய என்ஜின் அந்த இடத்தில் உட்காருமா என்பது கேள்வியின் ஒரு சிறு பகுதி மட்டுமே. மவுண்டிங் இருக்கும் இடம், கியர்பாக்ஸின் போல்ட் அமைப்பு, டிரைவ் ஷாஃப்டின் நீளம், சைலன்சர் குழாயின் வழி, ரேடியேட்டரின் கொள்ளளவு, பெட்ரோல் பம்ப் தரும் அழுத்தம், வயரிங், என்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியான இ.சி.யூ. என ஒவ்வொன்றும் தனித்தனியாக ஒத்துவர வேண்டும். கூடுதல் திறனுக்கு ஏற்ப பிரேக்கும் போதுமானதாக இருக்க வேண்டும். இவற்றில் ஏதேனும் ஒன்று ஒத்துவராவிட்டாலும், வார இறுதிகளில் முடிய வேண்டிய வேலை மாதக்கணக்கில் இழுத்து, கடைசியில் கார் பாதி பிரித்த நிலையிலேயே நின்றுவிடுகிறது. வீட்டில் தொடங்கி முடியாமல் போன என்ஜின் மாற்றங்களில் பல இப்படி நின்றவைதான்.

‘அதே என்ஜின்’ என்பதிலும் எச்சரிக்கை தேவை. ஒரே பெயரில் விற்ற காரிலேயே ஆண்டுக்கு ஆண்டு மாறுதல்கள் இருக்கும். ஆகவே காரின் பெயரையும் சி.சி. அளவையும் மட்டும் சொல்லி வாங்காமல், பிளாக்கில் பொறித்திருக்கும் என்ஜின் குறியீட்டைத் துடைத்துப் படித்து ஒப்பிடுங்கள். அதன் பிறகும் கிராங்க் (பிஸ்டன்கள் சுழற்றும் முதன்மைத் தண்டு) சென்சார் படிக்கும் பற்களின் எண்ணிக்கை, த்ராட்டில் கேபிளில் இயங்குகிறதா மின்சாரத்தில் இயங்குகிறதா என்பது, ஒவ்வொரு சென்சாரின் பிளக் வடிவம் ஆகியவற்றை இரண்டு என்ஜின்களிலும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பல கார்களில் இ.சி.யூ.வும் சாவியில் உள்ள சிப்பும் ஒன்றையொன்று அடையாளம் கண்டால்தான் என்ஜின் ஸ்டார்ட் ஆகும். எனவே இயன்றவரை உங்கள் காரின் இ.சி.யூ.வையும் வயரிங்கையும் அப்படியே வைத்துக்கொண்டு, என்ஜினை மட்டும் மாற்றுவதே நல்லது. என்ஜின் எண் பதிவுச் சான்றிதழில் இருப்பதால், எண்ணை மாற்றிப் பதிவதற்கான நடைமுறையையும் காப்பீட்டு நிறுவனம் கேட்பதையும், என்ஜினை வாங்குவதற்கு முன்பே விசாரித்துவிடுங்கள்.

கேள்வி: பழைய பாகங்கள் விற்கும் இடத்தில் என்ஜின் தரையில் கிடக்கிறது. அதை ஓட்டிப் பார்க்க வழியில்லை. நல்லதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்: முழு உறுதி கிடைக்காது, ஆனால் மோசமானதை ஒதுக்கிவிட முடியும். ஸ்பார்க் பிளக்குகள் உள்ளேயே இருக்க, கிராங்க் புல்லியின் நடு போல்ட்டில் நீளமான ஸ்பேனரைப் போட்டு, என்ஜின் இயல்பாகச் சுழலும் திசையில் இரண்டு முழுச் சுற்றுகள் மெதுவாகச் சுழற்றுங்கள். நான்கு சிலிண்டர் என்ஜினில் ஒவ்வொரு அரைச் சுற்றுக்கும் ஒரு முறை கை இறுக்கத்தை உணர வேண்டும். நான்கும் ஏறக்குறைய ஒரே அளவில் இருக்க வேண்டும். ஓரிடத்தில் இறுக்கமே இல்லாமல் வழுக்கிக்கொண்டு போனால் அந்த சிலிண்டரைச் சந்தேகியுங்கள். உலோகம் மோதியதுபோல் சட்டென நின்றால் அந்த என்ஜினை விட்டுவிடுங்கள்.

அடுத்து ஆயில் மூடியைத் திறந்து அடிப்பக்கத்தைப் பாருங்கள். வெண்ணெய் போன்ற பழுப்பு வெள்ளைப் படிவு திரளாக இருந்தால் ஆயிலில் தண்ணீர் கலந்திருக்க வாய்ப்புண்டு. கொஞ்சம் ஆயிலை வடித்து வெயிலில் பிடியுங்கள். அதில் உலோகத் துகள்கள் மின்னினால் பேரிங் தேய்ந்திருக்கிறது என்று பொருள். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி நான்கையும் வரிசையாக வைத்தால், ஒன்று மட்டும் ஆயிலில் நனைந்து கறுத்திருப்பது தெரிந்துவிடும். விற்பவர் என்ஜினை ஸ்டார்ட்டருடன் சுழற்றிக் காட்ட முன்வந்தால் கம்ப்ரெஷன் கருவியை எடுத்துச் செல்லுங்கள். சிலிண்டர்களுக்கு இடையிலான வேறுபாடு 10 முதல் 15 சதவீதத்துக்கு மேல் இருந்தால் வேறு என்ஜினைத் தேடலாம். எண்ணிப் பார்க்க வேண்டியது இன்னொன்றும் உண்டு: வயர்களையும் அவற்றின் பிளக்குகளையும் கத்தரித்து எடுத்த என்ஜின், அவசரமாகப் பிரித்த என்ஜின், மற்ற பாகங்களிலும் அந்த அவசரத்தின் சேதம் இருக்கும்.

கேள்வி: என்ஜினைத் தூக்குவதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. எதில் அதிகக் கவனம் வேண்டும்?

பதில்: அந்தப் பயம் நியாயமானது, அது இருக்கட்டும். சிறிய நான்கு சிலிண்டர் என்ஜினே 100 கிலோ அளவில் இருக்கும். கியர்பாக்ஸும் சேர்ந்தால் 200 கிலோவைத் தாண்டலாம். முதலில் தரையைப் பாருங்கள். என்ஜின் கிரேனின் சக்கரங்கள் மிகச் சிறியவை. மண்ணிலோ ஜல்லியிலோ அவை உருளாது, சரிவில் தானாக நகரும். சமமான கான்கிரீட் தரை இல்லாவிட்டால் இந்த வேலையை அங்கே தொடங்க வேண்டாம். கிரேனில் எழுதியிருக்கும் எடை, அதன் கையை உள்ளே இழுத்து வைத்திருக்கும் நிலைக்கானது. 2 டன் என்று குறித்திருக்கும் பல கிரேன்கள், கையை முழுவதும் நீட்டிய நிலையில் அரை டன்னுக்குத்தான் உகந்தவை. சங்கிலியை என்ஜினுக்கென்றே உள்ள தூக்கும் கொக்கிகளில் மாட்ட வேண்டும். இன்டேக் மேனிஃபோல்டில் மாட்டினால் அலுமினிய மரை பிய்ந்து வந்துவிடும். தொங்கும் என்ஜினுக்கு அடியில் கையையோ காலையோ நீட்டக் கூடாது. காருக்கு அடியில் போவதானால் ஜாக்கியை நம்பாமல் ஸ்டாண்டுகளின் மேல் காரை நிறுத்தியிருக்க வேண்டும். முன்சக்கர இயக்கமுள்ள பல கார்களில் என்ஜினை மேலே தூக்குவதைவிட, அதைத் தாங்கும் அடிச்சட்டமான சப்ஃப்ரேமுடன் கீழே இறக்கும்படி நிறுவனமே வடிவமைத்திருக்கும். உங்கள் காருக்கான சர்வீஸ் புத்தகத்தில் அதைப் பார்த்துவிட்டு வேலையைத் திட்டமிடுங்கள்.

தூக்குவதற்கு முன்னால் செய்யும் வேலைதான் உண்மையில் நேரத்தை எடுக்கும். என்ஜின் இன்னும் ஓடுகிறது என்றால் பெட்ரோல் பம்பின் ஃபியூஸை எடுத்துவிட்டு அது தானாக நிற்கும்வரை ஓட விடுங்கள். குழாயில் உள்ள அழுத்தம் இறங்கிவிடும். பிறகு பேட்டரியின் நெகட்டிவ் முனையை முதலில் கழற்றுங்கள். என்ஜின் முழுவதும் ஆறிய பின்னரே கூலன்டை வடியுங்கள். வடித்ததைத் திறந்த பாத்திரத்தில் விட்டுவைக்காதீர்கள். அதன் இனிப்புச் சுவைக்காக நாயும் பூனையும் அதைக் குடிக்கும். அதில் உள்ள எத்திலீன் கிளைக்கால் அவற்றைக் கொன்றுவிடும். ஏ.சி. கம்ப்ரஸரைக் குழாய்களுடனே கழற்றி ஓரமாகக் கட்டி வைக்க இடமிருந்தால் கேஸைத் தொட வேண்டியதில்லை. இடமில்லாவிட்டால் கருவி வைத்திருப்பவரிடம் கேஸை முறையாக எடுக்கச் சொல்லுங்கள், காற்றில் திறந்துவிடாதீர்கள்.

ஒவ்வொரு வயர் பிளக்கையும் கழற்றுவதற்கு முன்பு புகைப்படம் எடுத்து, இரண்டு பக்கத்திலும் ஒரே எண்ணை எழுதிய டேப்பை ஒட்டுங்கள். போல்ட்டுகளை ஒரே டப்பாவில் போடாமல், எந்தப் பாகத்தினுடையது என்று எழுதிய சிறு பைகளில் போடுங்கள். ஒரே பாகத்தில் வெவ்வேறு நீளமுள்ள போல்ட்டுகள் இருந்தால் அந்தப் பாகத்தின் படத்தை அட்டையில் வரைந்து, அதே இடத்தில் குத்தி வையுங்கள். நீளமான போல்ட்டைக் குட்டையான துளையில் முறுக்கினால் பிளாக்கே விரிசல் விடக்கூடும். சைலன்சர் நட்டுகளுக்கு முந்தைய நாளே துரு நீக்கும் எண்ணெய் விட்டு வையுங்கள்.

கிரேனை ஏற்றத் தொடங்கியதும் இரண்டு அங்குலம் தூக்கிவிட்டு நிறுத்துங்கள். என்ஜினைச் சுற்றி ஒரு முறை டார்ச்சுடன் பாருங்கள். பின்பக்கம் பல்க்ஹெட்டை (என்ஜின் அறைக்கும் இருக்கைகளுக்கும் இடையிலுள்ள தடுப்பை) ஒட்டி ஓர் எர்த் பட்டையோ ஹீட்டர் ஹோஸோ ஆக்ஸிஜன் சென்சாரின் வயரோ இறுகி நிற்பது பெரும்பாலும் அப்போதுதான் கண்ணில் படும். எங்கேயாவது பிடிக்கிறது என்றால், இன்னும் கழற்றாதது ஒன்று இருக்கிறது. பலத்தைக் கூட்டாமல் அதைத் தேடுங்கள்.

கேள்வி: என்ஜினை உள்ளே இறக்கியாயிற்று. ஆனால் கியர்பாக்ஸுக்கும் என்ஜினுக்கும் இடையில் ஒரு விரல் அளவு இடைவெளி நிற்கிறது. சுற்றியுள்ள போல்ட்டுகளை மெல்ல மெல்ல இறுக்கி இழுத்துவிடலாம் என்று நண்பர் சொல்கிறார். சரியா?

பதில்: தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். நல்ல என்ஜினும் நல்ல கியர்பாக்ஸும் ஒரே நாளில் பாழாவது இந்த இடத்தில்தான். இரண்டு முகப்புகளும் கையால் தள்ளியே ஒன்றோடொன்று ஒட்ட வேண்டும். போல்ட்டுகளின் வேலை ஒட்டியதைப் பிடித்துவைப்பது மட்டுமே.

மேனுவல் கியர்பாக்ஸ் என்றால் கிளட்ச் பிளேட் நடுவில் இல்லை, அல்லது கியர்பாக்ஸிலிருந்து நீளும் ஷாஃப்டின் பற்கள் பிளேட்டின் பற்களுடன் பொருந்தவில்லை. கிளட்சைப் பூட்டும்போது அதற்கான சென்டரிங் கருவியை உபயோகித்தீர்களா என்று யோசியுங்கள். இல்லையென்றால் திரும்ப வெளியே எடுத்துச் செய்வதுதான் குறுக்கு வழி. கருவியை உபயோகித்திருந்தால், கியரில் போட்டுவிட்டு, சக்கரங்களின் பக்கம் வெளியேறும் ஷாஃப்டைச் சற்றே சுழற்றிக்கொண்டு தள்ளிப் பாருங்கள். ஜாக்கியின் உயரத்தை மாற்றி, இடைவெளி மேலும் கீழும் இடமும் வலமும் ஒரே அளவாக வரும்படி செய்யுங்கள். மேலே குறைவாகவும் கீழே அதிகமாகவும் இருந்தால் கோணம் தவறு. கியர்பாக்ஸின் எடை கிளட்ச் பிளேட்டில் நுழைந்த ஷாஃப்டில் தொங்கும்படி விட்டுவிட்டு ஓய்வெடுக்கப் போகாதீர்கள். கிளட்ச் பிளேட் வளைந்துவிடும்.

ஆட்டோமேட்டிக் என்றால் ஆபத்து இன்னும் பெரியது. கிளட்சுக்குப் பதிலாக வரும் டார்க் கன்வெர்ட்டர் கியர்பாக்ஸுக்குள் ஒன்றன்பின் ஒன்றாகப் பல பற்களில் போய் உட்கார வேண்டும். கையால் உள்ளே அழுத்திக்கொண்டே சுழற்றினால் ஒவ்வொரு படியிலும் அது உள்ளே இறங்குவது கைக்குத் தெரியும். கடைசிப் படிக்குப் போகாமல் நிற்கும்போது போல்ட்டுகளை இறுக்கினால், கியர்பாக்ஸின் ஆயில் பம்ப் உள்ளேயே உடையும். உடைந்தது ஸ்டார்ட் செய்யும்வரை தெரியாது. சரியாக உட்கார்ந்திருந்தால், முகப்புகள் ஒட்டிய பிறகும் கன்வெர்ட்டர் தனியாகச் சுழலும். பிளைவீலின் இடத்தில் வரும் மெல்லிய தகடான பிளெக்ஸ்பிளேட்டைத் தொடுவதற்கு அதைச் சில மில்லிமீட்டர் முன்னே இழுக்க வேண்டியிருக்கும்.

கேள்வி: என்ஜின் வெளியே இருக்கும்போதே எதையெல்லாம் மாற்ற வேண்டும்?

பதில்: பின்னால் தொடவே முடியாதவற்றை. கிராங்கின் பின்பக்க ஆயில் சீல், கிளட்ச், ரிலீஸ் பேரிங், டைமிங் பெல்ட், வாட்டர் பம்ப், தெர்மோஸ்டாட், ஹீட்டர் ஹோஸ்கள். பழைய என்ஜினில் பெல்ட் புதிதாக மாற்றியதென்று விற்பவர் சொன்னாலும் மாற்றிவிடுங்கள். பிளைவீல் போல்ட்டுகள் பல என்ஜின்களில் ஒரு முறைக்கு மட்டுமானவை. புதியவற்றை வாங்கி, இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சில் புத்தகம் சொல்லும் அளவுக்கு இறுக்குங்கள்.

கேள்வி: எல்லாவற்றையும் மாட்டிவிட்டேன். சாவியைத் திருப்பினால் ஸ்டார்ட்டர் முனகுகிறது. கிளட்ச் கேபிளிலிருந்து புகை வந்தது. ஸ்டார்ட்டர் போய்விட்டதா?

பதில்: ஸ்டார்ட்டரைக் கழற்ற வேண்டாம். என்ஜினையும் பாடியையும் இணைக்கும் எர்த் பட்டையை மாட்ட மறந்திருக்கிறீர்கள், அல்லது பெயின்ட்டின் மேலேயே மாட்டியிருக்கிறீர்கள். என்ஜின் ரப்பர் மவுண்டிங்குகளில் உட்கார்ந்திருப்பதால் அந்தப் பட்டைதான் மின்சாரம் திரும்பிச் செல்லும் வழி. அது இல்லாதபோது ஸ்டார்ட்டர் இழுக்கும் நூறு ஆம்பியருக்கு மேற்பட்ட மின்சாரம், கிளட்ச் கேபிளோ த்ராட்டில் கேபிளோ எது அகப்படுகிறதோ அதன் வழியே பாய்ந்து அதைச் சிவக்கச் சுடவைக்கிறது. பேட்டரியைக் கழற்றிவிட்டு, பட்டை தொடும் இரண்டு இடங்களையும் உலோகம் தெரியும்வரை தேய்த்து மாட்டுங்கள். புகைந்த கேபிளின் உள் உறை உருகியிருக்கும் என்பதால் அதையும் மாற்றுங்கள்.

கேள்வி: முதல் ஸ்டார்ட்டுக்கு முன்னும் பின்னும் என்ன வரிசை?

பதில்: ஆயிலையும் ஃபில்டரையும் புதிதாக மாற்றுங்கள். கியர்பாக்ஸ் ஆயிலை மறக்காதீர்கள். டிரைவ் ஷாஃப்டுகளைக் கழற்றியபோது அது வடிந்திருக்கும். ஹீட்டர் குமிழை முழுச் சூட்டுக்குத் திருப்பிவைத்துக் கூலன்டை மெதுவாக ஊற்றுங்கள். இக்னிஷனையும் பெட்ரோல் பம்பையும் துண்டித்து, ஸ்பார்க் பிளக்குகளையும் கழற்றிவிட்டு, ஆயில் விளக்கு அணையும்வரை பத்துப் பத்து விநாடிகளாக, இடைவெளி விட்டு ஸ்டார்ட்டரைச் சுழற்றுங்கள். அதன் பிறகு எல்லாவற்றையும் இணைத்து, முதலில் சாவியை ஆன் நிலையில் மட்டும் வைத்துப் பெட்ரோல் குழாய்களில் கசிவு உண்டா என்று பாருங்கள். தீயணைப்பான் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். துணைக்கு ஒருவர் ஸ்டீயரிங் பக்கம் இருக்க, நீங்கள் என்ஜின் பக்கம் நில்லுங்கள்.

ஸ்டார்ட் ஆனதும் என்ஜினை உறுமவிடாமல், ஆயில் விளக்கு உடனே அணைகிறதா என்று பாருங்கள். சில விநாடிகளில் அணையாவிட்டால் நிறுத்திவிடுங்கள். கூலிங் ஃபேன் ஒரு முறை ஓடி நிற்கும்வரை வெப்பமானியிலிருந்து கண்ணை எடுக்காதீர்கள். முள் மேலே ஏறியும் ஹீட்டரில் குளிர்ந்த காற்றே வந்தால் உள்ளே காற்று அடைபட்டிருக்கிறது. நிறுத்தி, முழுவதும் ஆறவிட்டு, மீண்டும் நிரப்புங்கள். முதல் ஓட்டத்தை வீட்டுக்கு அருகிலேயே முடித்துக்கொண்டு, மறுநாள் காலை என்ஜின் ஆறியிருக்கும்போது கூலன்ட் அளவையும் ஆயில் அளவையும் மவுண்டிங் போல்ட்டுகளையும் டிரைவ் ஷாஃப்ட் நட்டுகளையும் சரிபார்த்த பிறகே நெடுஞ்சாலைக்குக் கொண்டுசெல்லுங்கள்.