ஒரே நிலக்காட்சிப் படத்தை ஆளுக்கொரு விதமாக எடிட் செய்கிறார்களே, இதில் எது சரி?

கேள்வியில் நீங்கள் சொல்லியிருப்பது இதுதான்: ஒரு ரா ஃபைலை, அதாவது கேமரா ஜேபெக்காக மாற்றாமல் அப்படியே சேமித்த கோப்பை, நண்பர்களிடம் கொடுத்தீர்கள். ஒருவர் பொன்னிறமாக்கினார், ஒருவர் நீலமாக்கினார், ஒருவர் கருப்பு வெள்ளையாக்கினார், ஒருவர் வானத்தையே மாற்றிவிட்டார். எல்லாமே பார்க்க நன்றாக இருக்கிறது, அப்படியென்றால் எதைச் சரி என்று எடுத்துக்கொள்வது?

நிறம், கான்ட்ராஸ்ட், கிராப் எல்லாம் உங்கள் இஷ்டம். வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வந்தது, எதன்மேல் விழுந்தது, அந்த ஒன்றில் மட்டும் கை வைக்காதீர்கள். நான் எடிட் செய்யும்போது பிடித்துக்கொள்வது இது ஒன்றைத்தான். இதற்குள் நின்றுகொண்டு ஒரே படத்தை எத்தனை விதமாக வேண்டுமானாலும் செய்யலாம், எல்லாமே சரிதான்.

சும்மா சொன்னால் புரியாது, என்னிடம் இருக்கும் ஒரு படத்தை வைத்தே சொல்கிறேன். தென்காசி பக்கம் சுந்தரபாண்டியபுரத்தில் சாரல் காலத்தில், காலை வெயிலில் எடுத்தது. முன்னால் நாற்று நட்ட வயல், பாதி தண்ணீர் பாதி பச்சை. நடுவில் வரப்பும் சில பனைகளும். பின்னால் மேற்குத் தொடர்ச்சி மலை இரண்டு மூன்று அடுக்காக, உச்சியில் மேகம். கேமரா மேற்கே பார்க்கிறது, சூரியன் என் முதுகுப் பக்கம், அதனால் மலையின் முகத்தில் நேராக வெயில். எந்த எடிட்டிலும் மாறக்கூடாதது இவ்வளவுதான்.

முதல் விதம், அந்தக் காலையின் ஈரத்தைக் காட்டுவது. ஒயிட் பேலன்ஸை (படத்தின் நிறம் குளிர்ச்சியா சூடா என்பதை வைக்கும் கெல்வின் எண், குறைத்தால் நீலம், கூட்டினால் மஞ்சள்) 4800 பக்கம் இறக்கி, கான்ட்ராஸ்டைக் குறைத்து, மேகத்துக்காக ஹைலைட்ஸை, அதாவது மிக வெளிச்சமான பகுதிகளை, கீழே இழுத்தால் சாரல் விழப்போகிற மாதிரி ஒரு குளிர்ச்சி வந்துவிடும். இங்கே பலரும் உடனே மங்கலை நீக்கும் டீஹேஸ் ஸ்லைடரைப் பிடித்து வலது பக்கம் தள்ளுவார்கள். தயவுசெய்து படம் முழுவதற்கும் அதைச் செய்யாதீர்கள். தூரத்து மலை வெளிறி நீலமாகத் தெரிவதற்குக் காரணம் நடுவில் இருக்கும் காற்றும் ஈரமும் ஒளியைச் சிதறடிப்பதுதான், தொலைவில் இருப்பது எவ்வளவு தூரம் என்று நம் கண் அளக்க அதுவும் ஒரு முக்கியமான துப்பு. அதைத் துடைத்துவிட்டால் மூன்று அடுக்கு மலையும் ஒரே சுவராக ஒட்டிக்கொண்டு பனைக்குப் பின்னாலேயே வந்து நிற்கும். பனை மரங்களுக்கு மட்டும் ஒரு மாஸ்க் (எடிட் அந்த இடத்தில் மட்டும் விழும்படி ஒரு தேர்வு) போட்டுக் கொஞ்சம் டீஹேஸ் கொடுத்து மலையை அப்படியே விட்டுவிட்டால் ஆழம் கூடும், படமும் தெளிவாகத் தெரியும்.

இரண்டாவது விதம் வெயிலைக் காட்டுவது. அதே ஃபைல்தான், ஒயிட் பேலன்ஸ் 6000 பக்கம், மலைமுகத்தில் விழும் வெளிச்சத்தைக் கொஞ்சம் தூக்கிவிட்டால் போதும், சூடான காலை. இதில் எல்லாரும் சறுக்கும் இடம் பச்சை. வயலைப் பார்த்ததும் பச்சை ஸ்லைடரை ஏற்றுவார்கள், ஒன்றும் பெரிதாக நடக்காது, இன்னும் ஏற்றுவார்கள், கடைசியில் வரப்போரப் புதர் பிளாஸ்டிக் மாதிரி மின்னும், நாற்று அப்படியே இருக்கும். இளம் நாற்றின் நிறத்தில் மஞ்சள்தான் அதிகம். மஞ்சள் ஸ்லைடரின் ஹ்யூவை, அதாவது நிறச் சாயலை, லேசாகப் பச்சை பக்கம் நகர்த்தி, அதன் லூமினன்ஸை, அதாவது வெளிச்ச அளவை, சின்னதாக ஏற்றினால் வயல் உயிரோடு எழுந்து வரும். நிறத்தின் அடர்த்தியான சாச்சுரேஷன் தேவையே படாது, பல நேரம் நான் அதைக் குறைக்கத்தான் செய்கிறேன்.

இந்த இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் வேறு வேறு நாளில் எடுத்தது என்றுதான் யாரும் நினைப்பார்கள். இரண்டுமே பொய் இல்லை. ரா ஃபைல் என்பதே சென்சார் அளந்து வைத்த அளவுகள்தான், பொதுவாக ஒரு பிக்ஸலுக்கு 14 பிட், அதாவது 16,384 படிகள். ஜேபெக்கில் ஒவ்வொரு வண்ணத்துக்கும் 256 படிகள்தான். ஆக ரா-விலிருந்து ஜேபெக்குக்கு வரும்போது யாரோ ஒருவர் எதை வைப்பது எதை விடுவது என்று முடிவு செய்தே ஆகவேண்டும். நீங்கள் செய்யாவிட்டால் கேமராவுக்குள் இருக்கும் மென்பொருள் செய்யும். "நான் எடிட்டே பண்ணல, அப்படியே கேமராவிலிருந்து வந்தது" என்று சொல்லப்படும் படமும் எடிட் செய்யப்பட்ட படம்தான்.

கருப்பு வெள்ளைக்கு வருவோம், எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. நிறம் போனதும் எந்த நிறம் எவ்வளவு வெளுப்பாக வரவேண்டும் என்பது உங்கள் கைக்கு வந்துவிடுகிறது. பச்சையையும் மஞ்சளையும் ஏற்றினால் வயல் வெள்ளையாக ஒளிரும், நீலத்தை இறக்கினால் மேகத்துக்குப் பின்னால் வானம் கருக்கும். ஃபிலிம் காலத்தில் லென்ஸ் முன்னால் மஞ்சள், சிவப்பு ஃபில்டர் மாட்டிச் செய்ததன் வாரிசுதான் இது. ஆனால் நீலத்தை ரொம்ப இறக்கினால் மலை விளிம்பில் வெள்ளைக் கோடு கிளம்பும், வானத்தில் மணல் தூவின மாதிரி புள்ளிகள் (நாய்ஸ்) வரும். நூறு சதவீதம் பெரிதாக்கி அந்த விளிம்பை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

கருப்பு வெள்ளை என்றால் அமெரிக்க நிலக்காட்சிப் புகைப்படக் கலைஞர் ஆன்செல் ஆடம்ஸைப் பேசாமல் முடியாது, உங்கள் கேள்விக்கு அவரைவிட நல்ல உதாரணமும் கிடையாது. 1941 நவம்பரில் நியூ மெக்சிகோவில், ஹெர்னாண்டஸ் என்ற சிறு ஊர் ஓரமாக, 8x10 அங்குலக் கேமராவில் ஒரு நிலவு எழும் காட்சியை எடுத்தார். கல்லறைச் சிலுவைகள்மேல் மறையப்போகிற சூரியனின் கடைசி வெளிச்சம். லைட் மீட்டர் கைக்கு அகப்படவில்லை, நிலவின் பிரகாசம் ஒரு சதுர அடிக்கு 250 கேண்டில் என்று மனப்பாடமாகத் தெரிந்திருந்ததால் அதை வைத்துக் கணக்குப் போட்டு ஒரு ஷாட் எடுத்தார். அடுத்த ஷாட் எடுப்பதற்குள் சிலுவைகள்மேல் இருந்த வெளிச்சம் போய்விட்டது. ஒரே நெகட்டிவ். அதிலிருந்து அவர் வாழ்நாளில் போட்ட பிரிண்ட் 1,300-க்கு மேல், காலம் போகப்போக அதன் தோற்றமே மாறிக்கொண்டு வந்தது. ஆரம்பப் பிரிண்ட்களில் வானம் சாம்பல் நிறம், அதில் மெல்லிய மேகக் கீற்றுகள்கூடத் தெரியும். பிற்காலத்தில் போட்டவற்றில் வானம் கிட்டத்தட்ட முழுக் கருப்பு, மேகக் கீற்றுகள் அந்தக் கருப்பில் அடங்கிவிட்டன. நடுவில் 1948-ல் நெகட்டிவின் கீழ்ப்பகுதியையே மறுபடி ரசாயனத்தில் போட்டு அடர்த்தி ஏற்றினார். இளமையில் பியானோக் கலைஞராக வேண்டும் என்று பயிற்சி எடுத்தவர் அவர். நெகட்டிவை இசையமைப்பாளர் எழுதிய ஸ்வரக் குறிப்புக்கும் பிரிண்டைக் கச்சேரிக்கும் ஒப்பிட்டது அதனால்தான்.

இதில் என்னை அசரவைப்பது வேறு. எடுத்த தேதியை ஆடம்ஸ் எழுதி வைக்கவில்லை, அவரே வெவ்வேறு வருடம் சொன்னதுண்டு. 1991-ல் டென்னிஸ் டி சிக்கோ என்ற வானியல் எழுத்தாளர், படத்தில் நிலவு இருக்கும் இடத்தை வைத்துக் கணக்கிட்டு, 1941 நவம்பர் 1, மாலை 4.49 மணி என்று நிறுவினார். வானத்தின் நிறத்தை ஆடம்ஸ் எப்படியெல்லாமோ மாற்றினார், ஆனால் நிலவு நின்ற இடத்திலேயே நின்றது, சிலுவைமேல் விழுந்த வெயில் விழுந்த பக்கத்திலேயே இருந்தது. அதனால்தான் ஐம்பது வருடம் கழித்தும் அந்தப் படத்தால் நேரம் சொல்ல முடிந்தது.

இப்போது வானம் மாற்றிய நண்பர் விஷயம். வானம் ஒட்டுவது இன்றைக்கு வந்த பழக்கம் இல்லை. 1850-களில் பிரான்சில் குஸ்தாவ் லெ கிரே என்ற புகைப்படக் கலைஞர் கடல் படங்களுக்குக் கடலை ஒரு நெகட்டிவிலும் மேகத்தை இன்னொன்றிலும் எடுத்துத் தொடுவானத்தில் சேர்த்தார். அன்றைய கொலோடியன் (கண்ணாடித் தகட்டில் பூசும் ஒரு ரசாயனம்) நெகட்டிவ் நீலத்துக்கு அதிகமாக எதிர்வினை காட்டும், கடலுக்கு எக்ஸ்போஷர் வைத்தால் வானம் வெறும் வெள்ளையாகிவிடும், அவருக்கு வேறு வழி இல்லை. ஒரே மேகத்தை ஒன்றுக்கு மேற்பட்ட படங்களில் பயன்படுத்தியும் இருக்கிறார். அதனால் நான் அதைப் பாவம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் என் வயல் படத்தில் அஸ்தமன வானத்தை ஒட்டினால் என்ன ஆகும்? மேற்கே சூரியன் இறங்கும்போது இந்த மலையின் முகம் இருட்டாக இருக்கவேண்டும். என் படத்தில் அது காலை வெயிலில் பளீரென்று இருக்கிறது. பார்க்கிறவருக்குக் காரணம் சொல்லத் தெரியாவிட்டாலும் ஏதோ இடிக்கிறது என்று மட்டும் தோன்றிவிடும்.

தண்ணீர் இருந்தால் இன்னும் கவனம். வானத்தைக் கருமையாக்க மேலிருந்து ஒரு லினியர் கிரேடியன்ட் (மேலே அழுத்தமாகத் தொடங்கிக் கீழே மெல்ல மறையும் எடிட்) இழுத்துவிட்டு வயல் தண்ணீரை அப்படியே விட்டால், தண்ணீரில் தெரியும் மேகம் மேலே இருக்கும் அதே மேகத்தைவிட வெளிச்சமாகிவிடும். அது நடக்கவே நடக்காது, தண்ணீர் தன்மேல் விழுகிற ஒளியில் ஒரு பகுதியைத்தான் திருப்பி அனுப்பும். காலடியில் இருக்கும் தண்ணீரில் சேறு தெரியும், தூரத்துத் தண்ணீரில்தான் வானம் தெரியும், ஏனென்றால் பார்வை சாய்வாகச் சாய்வாகத்தான் பிரதிபலிப்பு கூடும். கலங்கிய தண்ணீரில் இன்னொன்றும் உண்டு: மேகம் கொஞ்சம் மங்கித் தெரியும், மலையின் இருட்டு கொஞ்சம் வெளுத்துத் தெரியும். வானத்தை ஒரு ஸ்டாப் (வெளிச்சத்தைப் பாதியாக்கும் அளவு) இறக்கினால் அதன் பிரதிபலிப்பு தெரியும் தண்ணீரையும் கிட்டத்தட்ட அவ்வளவு இறக்குங்கள். கிரேடியன்ட் மலை உச்சியையும் சேர்த்துக் கருக்கடிக்கும், அதை லூமினன்ஸ் ரேஞ்சோடு (குறிப்பிட்ட வெளிச்ச அளவுள்ள இடங்களை மட்டும் தேர்ந்தெடுக்கும் வசதி) வெட்டி மேகத்துக்கு மட்டும் நிறுத்துங்கள். வெயில் படும் உச்சிதான் மலையிலேயே வெளிச்சமான இடம், அது இருண்டு அடிவாரம் வெளுத்தால் படம் தலைகீழாகிவிடும்.

கிராப்பும் ஒரு எடிட்தான், அதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. இதே படத்தைக் கிடைமட்டமாக அகலமான பட்டையாக வெட்டினால் மலையும் மேகமும், சதுரமாக வெட்டினால் ஒற்றைப் பனையும் அதன் பிரதிபலிப்பும்.

சரி, செய்முறைக்கு வந்தால்: எடிட் மென்பொருள்களான லைட்ரூமில் விர்ச்சுவல் காப்பி, டார்க்டேபிளில் டூப்ளிகேட் என்று ஒரே படத்துக்குத் தனித்தனி எடிட் பதிப்புகள் வைக்கலாம், இரண்டிலும் அசல் ஃபைல் கெடாது, அதனால் பயமில்லாமல் நாலு விதம் செய்து பாருங்கள். செய்த அன்றே முடிவெடுக்க வேண்டாம், கண் அந்த நிறத்துக்குப் பழகிப்போயிருக்கும், மறுநாள் எல்லாவற்றையும் சின்னதாக ஒரே திரையில் வைத்துப் பாருங்கள். பிரிண்ட் போடப்போவது என்றால் திரையின் வெளிச்சத்தைக் குறைத்து வைத்து எடிட் செய்யுங்கள், முழு வெளிச்சத்தில் செய்தால் காகிதத்தில் இருண்டுதான் வரும். உங்கள் நண்பர்கள் செய்த படங்களில் அந்த வானம் மாற்றிய ஒன்றை மட்டும் எடுத்து, தரையில் நிழல் எந்தப் பக்கம் விழுந்திருக்கிறது, புது வானத்தில் சூரியன் எந்தப் பக்கம் இருக்கிறது என்று பாருங்கள். ஒத்துவந்தால் அதையும் வைத்துக்கொள்ளுங்கள்.