பொம்பெயிக்குப் போகுமுன் எந்தப் படத்தைப் பார்ப்பது?

இத்தாலிப் பயணத்தில் ஒரு நாளைப் பொம்பெயிக்கு ஒதுக்கியிருக்கும் வாசகர் ஒருவர், எட்டாம் வகுப்பில் படிக்கும் மகளுடன் புறப்படுமுன் எரிமலை வெடிப்பில் புதைந்த அந்த ரோமானிய நகரைப் பற்றிய எந்தப் படங்களைப் பார்க்கலாம், அவற்றை எவ்வளவு தூரம் நம்பலாம் என்று கேட்டிருக்கிறார்.

ஒன்றுக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால், 2024இல் வெளிவந்த ‘பொம்பெயி: தி நியூ டிக்’ என்ற மூன்று பகுதி ஆவணத்தொடரைப் பாருங்கள். நகரின் மூன்றில் ஒரு பங்கு இன்னும் தோண்டப்படாமலே கிடக்கிறது. அதில் ஒரு குடியிருப்புத் தொகுதி மண்ணிலிருந்து வெளிப்படுவதை இத்தொடர் படமாக்கியிருக்கிறது. ரொட்டி சுடும் கூடமும், இடிந்த கூரைக்கடியில் சிக்கி இறந்தவர்களின் எலும்புகளும் அங்கே கிடைத்தன. ஆய்வாளர்கள் எந்தத் தடயத்தைக் கொண்டு எந்த முடிவுக்கு வருகிறார்கள் என்பதைக் கூடவே காட்டுவதுதான் இத்தொடரின் பெரிய பலம். அதைப் பார்த்த பிள்ளை, இடிபாடுகளிடையே நடக்கும்போது தானாகவே கேள்வி கேட்கத் தொடங்கிவிடும்.

கதைப்படங்களை அரங்க அமைப்புக்காகவும் விறுவிறுப்புக்காகவும் பார்க்கலாம். பேரழிவு நடந்த விதத்தை அவற்றிலிருந்து கற்றுக்கொள்ள வேண்டாம். 2014இல் பால் ஆண்டர்சன் இயக்கிய ‘பொம்பெயி’யில் ஆழிப்பேரலை ஒரு கப்பலையே தெருவுக்குள் தள்ளிக்கொண்டு வருகிறது. கி.பி. 79இல் வெசுவியஸ் எரிமலை வெடித்ததை வளைகுடாவின் மறுகரையிலிருந்து கண்ட ரோமானிய எழுத்தாளர் இளைய பிளினி, கடல் உள்வாங்கியதைத்தான் தம் கடிதத்தில் பதிவு செய்திருக்கிறார். பொம்பெயியை எரிமலைக் குழம்பு மூடவும் இல்லை. பல மணி நேரம் நுரைக்கற்கள் மழையாகக் கொட்டி, ஏறத்தாழ மூன்று மீட்டர் உயரத்துக்குக் குவிந்து கூரைகளைச் சரித்தன. தப்பியிருந்தவர்களை மறுநாள் காலையில் மலைச்சரிவில் பாய்ந்து வந்த கொதிக்கும் சாம்பலும் வாயுவும் கலந்த அலைகள் கொன்றன.

ஆனால், ஒரு கதைப்படத்தை மட்டும் தவறவிடக் கூடாது என்பேன். இத்தாலிய இயக்குநர் ரொசெல்லினியின் ‘இத்தாலியப் பயணம்’ (1954) பிரியும் நிலைக்கு வந்துவிட்ட ஒரு தம்பதியின் கதை. அதில் அவர்கள் பொம்பெயியில் அகழாய்வைப் பார்க்கும் காட்சி ஒன்று உண்டு. இறந்தவர்களைச் சுற்றி இறுகிய சாம்பலுக்குள், உடல் மக்கிப்போன பின் அதே வடிவில் வெற்றிடம் எஞ்சியது. 1863இல் தொல்லியலாளர் ஃபியோரெல்லி அதில் பிளாஸ்டர் கரைசலை ஊற்றி வார்ப்பெடுக்கும் முறையை நடைமுறைக்குக் கொண்டுவந்தார். படத்தில் தொழிலாளர்கள் அப்படி ஊற்றி, இறுகியதும் மண்ணைச் சிறிது சிறிதாக விலக்க, அருகருகே இறந்துகிடந்த ஓர் ஆணும் பெண்ணும் உருப்பெறுகிறார்கள். மனைவியாக நடிக்கும் இங்க்ரிட் பெர்க்மன் தாங்கமாட்டாமல் விலகிப் போகிறார். அந்த வார்ப்புகள் வெறும் சிலைகள் அல்ல என்பதை எந்த விளக்கவுரையும் இவ்வளவு ஆழமாக உணர்த்தியதில்லை. படத்தின் மற்ற பகுதி பெரியவர்களுக்கானது. மகளுக்கு இந்தக் காட்சியை மட்டும் காட்டினால் போதும்.

பழைய ஆவணப்படம் எதையும் பார்ப்பதானால், அது எடுக்கப்பட்ட ஆண்டை முதலில் கவனியுங்கள். எரிமலை வெடித்தது ஆகஸ்ட் 24 என்றே நெடுங்காலம் சொல்லப்பட்டு வந்தது. அக்டோபர் 17 என்ற நாளைக் குறிக்கும் கரியெழுத்து ஒன்று 2018இல் ஒரு வீட்டுச் சுவரில் கண்டெடுக்கப்பட்ட பிறகு, ஆய்வாளர் பலர் இலையுதிர்காலத்தின் பக்கம் சாய்ந்துவிட்டனர். பொம்பெயியில் ‘தங்கக் காப்பு வீடு’ எனப்படும் வீட்டில் குழந்தையோடு கிடைத்த உருவத்தின் கதையும் அப்படித்தான். காப்பு அணிந்திருந்ததால் அதைத் தாய் என்றே சொல்லிவந்தார்கள். அவர் ஓர் ஆண், குழந்தைக்கு இரத்த உறவும் அல்ல என்பதை 2024இல் வெளியான மரபணு ஆய்வு காட்டியது.

படங்களில் கண்டு மனத்தில் நின்ற பொருளை அங்கே போய்த் தேடும்போது, ஏமாற்றம் நேரலாம். பார்த்தவுடன் யாரையும் நிறுத்திவிடும் அலெக்சாந்தர் போர்க்காட்சி மொசைக் உட்பட, பல அரிய பொருட்களின் மூலங்கள் நேப்பிள்ஸ் தேசியத் தொல்லியல் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. அதற்கும் அரை நாள் ஒதுக்குங்கள். அங்கே வழக்கமாகச் செவ்வாய்க்கிழமை விடுமுறை.